இமைமேல் பூசும் களிம்பு கண்ணை எவ்வளவு தூரம் எட்டும்?

மனித உடலைப் போர்த்தியிருக்கும் தோலில் மிக மெல்லியது கண் இமையின் மீதுள்ள தோலாகும். அதன் தடிப்பு ஒரு மில்லிமீட்டரை எட்டுவதில்லை. மற்ற இடங்களில் தோலுக்கு அடியில் அமைந்திருக்கும் கொழுப்பு அடுக்கும் இங்கே இல்லையென்றே சொல்லிவிடலாம். தோலுக்கு அடுத்து இமைகளை மூடித் திறக்க உதவும் வட்டத் தசையும், அதற்குப் பின்னால் இமைக்கு விறைப்பைத் தரும் இமைத்தட்டும், அத்தட்டுக்குள் வரிசையாகப் புதைந்து கண்ணீருக்கு எண்ணெய்ப் பூச்சைச் சுரந்து தரும் மெய்போமியன் சுரப்பிகளும் உள்ளன. இவை எல்லாவற்றுக்கும் உட்புறமாக, இமையின் உள்முகத்தை மூடி, பிறகு மடிந்து விழியின் வெள்ளைப் பகுதியின் மீதும் படர்கிற ஈரமான சவ்வு ஒன்று இருக்கிறது; அதை வெண்படலம் என்பர். வெளித்தோலில் தொடங்கி இந்த வெண்படலம் வரையுள்ள தொலைவு சில மில்லிமீட்டர்களே. இமையின் மேல் பூசப்படும் ஒரு களிம்பு அத்தொலைவைக் கடந்து கண்ணைச் சேருமா, சேருமெனில் எந்த மருந்து எவ்வளவு ஆழம் செல்லும் என்பது மருந்தியல் அறிஞர்கள் அண்மைக் காலத்தில் தீவிரமாக ஆராய்ந்துவரும் கேள்வி. திருச்சிராப்பள்ளியைப் போன்ற, வெயிலும் தூசியும் வயல்வேலையும் மிகுந்த ஊரில் அது அன்றாட வாழ்வையும் தொடுகிறது.

இமையின் வழியே மருந்தைச் செலுத்த வேண்டிய தேவை ஏன் எழுந்தது என்பதை அறியச் சொட்டு மருந்தின் கணக்கைப் பார்க்க வேண்டும். புட்டியிலிருந்து விழும் ஒரு சொட்டின் அளவு ஏறத்தாழ 30 முதல் 50 மைக்ரோலிட்டர். ஒரு மைக்ரோலிட்டர் என்பது ஒரு மில்லிலிட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. கண்ணின் மேற்பரப்பில் இயல்பாகத் தங்கியிருக்கும் கண்ணீரோ 7 மைக்ரோலிட்டர் அளவே. எனவே சொட்டின் பெரும்பகுதி விழுந்த கணமே கன்னத்தில் வழிந்துவிடுகிறது. எஞ்சியதில் மிகுதியானது மூக்கையொட்டிய உள்மூலையிலுள்ள சிறு துளைகள் வழியாகக் கண்ணீர் நாளத்துக்குள் இறங்கி, மூக்கையும் தொண்டையையும் அடைகிறது. சொட்டு விட்ட சிறிது நேரத்தில் தொண்டையில் கசப்புத் தட்டுவது இதனால்தான். விடப்பட்ட மருந்தில் கண்ணின் உட்பகுதியை எட்டுவது நூற்றில் ஐந்து பங்குக்கும் குறைவு என்பதே மருந்தியல் நூல்கள் தரும் பொதுவான மதிப்பீடு. இந்த இழப்பை ஈடுசெய்வதற்காகவே சொட்டு மருந்து ஒரு நாளில் பலமுறை விடப்படுகிறது. கை நடுங்கும் முதியவர்களுக்கும், கண்ணை இறுக மூடிக்கொண்டு திமிறும் குழந்தைகளுக்கும், அவர்களைப் பிடித்துக்கொண்டு நிற்கும் தாய்மார்களுக்கும் இது எளிய காரியமன்று.

கண்ணுக்குள் இடும் களிம்பு இந்தச் சிக்கலை ஓரளவு தீர்த்தது. பெட்ரோலியம் ஜெல்லியும் திரவ பாரபினும் சேர்ந்த அடித்தளத்தில் மருந்தைக் கலந்து, கீழ் இமையை மெல்ல இழுத்து, அதன் உட்குழிவில் அரைச் சென்டிமீட்டர் நீளத்துக்கு இட்டால், உடற்சூட்டில் அது இளகிப் பரவி, சொட்டைவிட நெடுநேரம் தங்குகிறது. ஆனால் பார்வை மங்கிவிடுகிறது. படிக்கவோ வண்டி ஓட்டவோ இயலாது. ஆகவேதான் இத்தகைய களிம்புகளைப் பெரும்பாலும் இரவில் படுக்கும்முன் இடச் சொல்கிறார்கள். கண்ணுக்குள் இடும் இந்தக் களிம்பும், கண்ணை மூடிக்கொண்டு இமையின் வெளித்தோலில் தடவும் களிம்பும் வெவ்வேறானவை. முன்னதற்குப் பல பத்தாண்டு அனுபவம் உண்டு. பின்னது, கண்ணோய்க்கென முறையாக வடிவமைக்கப்பட்ட மருந்து என்ற அளவில், மிக அண்மையில்தான் உருவாகியிருக்கிறது.

எனினும் அந்த எண்ணம் புதிதன்று. ஆயுர்வேத நூலான சார்ங்கதர சம்ஹிதை கண் மருத்துவத்துக்கு ஏழு செய்முறைகளை வகுத்திருக்கிறது. அவற்றுள் பிடாலகம் எனப்படுவது, இமை மயிரைத் தவிர்த்து, மூடிய இமைகளின் வெளிப்புறத்தில் மருந்து விழுதைப் பூசுவதாகும். சொட்டாக விடுவதையும், மையாகத் தீட்டுவதையும், மெல்லிய தாரையாக ஊற்றுவதையும் அந்நூல் தனித்தனியே பிரித்துக் கூறுவதால், எந்த வழியில் மருந்தைச் சேர்ப்பது என்பதே சிகிச்சையின் ஒரு பகுதியென அக்கால மருத்துவர்கள் கண்டிருந்தனர் என்பது தெளிவாகிறது. தமிழகச் சித்த மருத்துவத்திலும் கண்ணுக்குள் விடும் கலிக்கமும், வெளியே போடும் பற்றும் வெவ்வேறாகவே வைக்கப்பட்டிருக்கின்றன. கண்ணோய்கள் 96 என்று எண்ணும் நயனவிதி நூல் மரபும் அதற்கு உண்டு. திருவரங்கம் கோயிலில் தன்வந்திரிக்குத் தனிச் சன்னதி உள்ளது. அக்கோயிலைச் சார்ந்து இயங்கிய ஆரோக்கியசாலையைப் பற்றிய கல்வெட்டுச் செய்தியும் உண்டு. திருச்சிக்குக் கிழக்கே தஞ்சாவூரில் இரண்டாம் சரபோஜி மன்னர் கண்ணோயாளிகளின் குறிப்புகளைப் படங்களுடன் எழுதி வைக்கச் செய்தார். அவை சரசுவதி மகால் நூலகத்தில் இன்றும் உள்ளன. காவிரிக்கரைக்குக் கண் மருத்துவம் அயலானதன்று என்பதற்கு இவை சான்று. ஆனால் ஒரு விழுது இமைக்குக் குளிர்ச்சி தந்தது என்பதும், அதிலிருந்த மருந்து வெண்படலத்தைச் சென்று சேர்ந்தது என்பதும் ஒன்றல்ல. இரண்டாவதை அளந்துதான் அறிய முடியும். அவ்வாறு அளக்கும் கருவிகள் இருபதாம் நூற்றாண்டில்தான் கிடைத்தன.

தோலின் ஊடுருவும் தன்மை இடத்துக்கு இடம் எவ்வளவு வேறுபடுகிறது என்பதை முதன்முதலில் துலக்கமாகக் காட்டியவர்கள் அமெரிக்க ஆய்வாளர்களான ஃபெல்ட்மனும் மைபாக்கும் ஆவர். 1967-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், கதிரியக்க அடையாளமிட்ட ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை உடலின் பல பகுதிகளில் பூசி, சிறுநீரில் வெளியேறும் அளவைக் கொண்டு உறிஞ்சப்பட்டதைக் கணக்கிட்டனர். முன்னங்கையின் உட்புறத்தில் உறிஞ்சப்படும் அளவை ஒன்று என்று கொண்டால், நெற்றியில் அது 6 மடங்காகவும், தாடை மூலையில் 13 மடங்காகவும், விரைப்பையில் 42 மடங்காகவும் இருந்தது. உள்ளங்காலில் ஏழில் ஒரு பங்கே இருந்தது. ஆக, ஒரே களிம்பு, ஒரே அளவு, பூசும் இடம் மட்டும் வேறு என்ற நிலையில் உடலுக்குள் செல்லும் மருந்தின் அளவு நூறு மடங்குக்கும் மேல் மாறக்கூடும். அந்த ஆய்வில் இமைத்தோல் அளக்கப்படவில்லை. ஆயினும் முகத்தோலே அவ்வளவு உறிஞ்சுமெனில், அதனினும் மெல்லிய இமைத்தோல் குறைவாக உறிஞ்சும் என எதிர்பார்க்க எந்தக் காரணமும் இல்லை.

தோலில் மருந்தைத் தடுப்பது அதன் வெளி அடுக்கு. இறந்து தட்டையான செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, அவற்றின் இடுக்குகளில் கொழுப்புப் பொருள்கள் நிரம்பியிருக்கும் அமைப்பு அது. இதைக் கடக்க வேண்டுமெனில் மருந்தின் மூலக்கூறு சிறியதாகவும், கொழுப்பில் ஓரளவு கரையக்கூடியதாகவும் இருக்க வேண்டும். மூலக்கூறுகளின் எடையை டால்டன் என்ற அலகால் குறிப்பார்கள். 500 டால்டனுக்கு மேற்பட்டவை நலமான தோலை எளிதில் கடப்பதில்லை என்பது தோல் மருந்தியலில் பரவலாக ஏற்கப்பட்ட நடைமுறை விதி. இந்த ஒற்றை எண்ணை நினைவில் கொண்டால், பின்னால் வரும் பல செய்திகள் தாமே விளங்கும்.

இமைத்தோலுக்கும் கண்ணுக்கும் இடையே வழி உண்டென்பதை மருத்துவ உலகம் கற்றது ஒரு தீய விளைவிலிருந்துதான். இமைகளின் தோலில் ஸ்டீராய்டு பூசியதைத் தொடர்ந்து கிளாக்கோமா ஏற்பட்டதை 1976-இல் பிரிட்டனின் தோல் மருத்துவ இதழ் ஒன்றில் கியூபி என்ற மருத்துவர் பதிவு செய்தார். அதன்பின் பல நாடுகளிலிருந்தும் இத்தகைய பதிவுகள் வந்தன. கிளாக்கோமா என்பது, கண்ணுக்குள் சுரக்கும் நீர் சரிவர வடியாமல் அழுத்தம் கூடுவது முதலிய காரணங்களால், மூளைக்குக் காட்சியைக் கொண்டுசெல்லும் பார்வை நரம்பு சிறிது சிறிதாக அழியும் நோய். அந்த நீர் வடிந்து வெளியேறும் சல்லடைபோன்ற திசுவின் செல்களை ஸ்டீராய்டுகள் மாற்றி, நீர் வெளியேறுவதைத் தடுக்கின்றன. 1960-களில் அமெரிக்காவில் நடந்த ஆய்வுகளில், டெக்சாமெத்தசோன் சொட்டைச் சில வாரங்கள் தொடர்ந்து விட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் கண் அழுத்தம் மிதமாகவும், நூற்றில் ஐந்து பேர் அளவுக்கு மிகக் கடுமையாகவும் உயர்ந்தது. கண்ணில் வலி இல்லை, சிவப்பு இல்லை, பார்வை ஓரத்திலிருந்து குறுகிக்கொண்டே வருகிறது. நோயாளி அதை உணரும்போது இழந்ததை மீட்க வழியில்லை.

பீட்டாமெத்தசோனின் மூலக்கூறு எடை 392 டால்டன். குளோபெட்டசால் புரொப்பியோனேட்டின் எடை 467. இரண்டுமே மேலே கூறிய எல்லைக்குள் அடங்குகின்றன, இரண்டுமே கொழுப்பில் கரைபவை. இவை தமிழகத்தில் அரிதாகக் கிடைக்கும் மருந்துகள் அல்ல. படர்தாமரைக்கும், அரிப்புக்கும், முகம் வெளுப்பதற்கும் எனப் பூஞ்சைக்கொல்லியும் பாக்டீரியாக்கொல்லியும் சேர்த்துக் கலந்த ஸ்டீராய்டுக் களிம்புகளை மெடிக்கல் ஷாப்பில் வாய்ச்சொல்லால் கேட்டு வாங்கும் வழக்கம் நாடெங்கும் உள்ளது. 2011-இல் இந்தியத் தோல் மருத்துவர்கள் 12 மையங்களில் நடத்திய ஆய்வில், முகத்தோல் நோய்க்காக வந்த 2,926 பேரில் 433 பேர், அதாவது நூற்றுக்குப் பதினைந்து பேர் அளவில், முகத்தில் ஸ்டீராய்டுக் களிம்பைப் பூசிவந்தவர்கள் எனத் தெரிந்தது. 2018-இல் மத்திய அரசு தோலில் பூசும் 14 ஸ்டீராய்டுகளை, மருத்துவரின் சீட்டு இருந்தால் மட்டுமே விற்கக்கூடிய எச் அட்டவணையின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. சட்டம் வந்தாலும் பழக்கம் அவ்வளவு விரைவில் மாறுவதில்லை. முகத்துக்குப் பூசும் களிம்பு இமைக்கும் செல்கிறது என்பதையும், இமைக்குச் சென்றது கண்ணுக்கும் செல்லக்கூடும் என்பதையும் சேர்த்து எண்ணிப்பார்த்தால், தோல் மருத்துவரும் கண் மருத்துவரும் இதைத் தனித்தனியே பார்ப்பது போதாது என்பது விளங்கும்.

மருந்து எந்தப் பாதையில் சென்றது என்பதில் ஒரு நியாயமான ஐயம் உண்டு. தோலை ஊடுருவித்தான் சென்றதா, அல்லது இமை விளிம்பைத் தாண்டி வழிந்து கண்ணீரில் கலந்ததா? இமை ஒரு நிமிடத்துக்குப் பதினைந்து முறை அளவுக்குச் சிமிட்டுகிறது, உறக்கத்தில் தலையணையில் உரசுகிறது, களிம்பு இளகுகிறது. மனிதர்களிடம் பதிவான பழைய நிகழ்வுகளில் இவ்விரு பாதைகளையும் பிரித்தறிவது கடினம். விலங்கு ஆய்வுகள்தான் இந்த இடத்தில் தெளிவைத் தந்தன. ஜப்பானின் ஜோசாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், மயிரற்ற எலிகளின் இமைத்தோலையும் வயிற்றுத்தோலையும் ஒப்பிட்டு, காஃபீன் போன்ற சிறு மூலக்கூறுகள் இமைத்தோலை எளிதாகக் கடப்பதைக் காட்டினர். இமைத்தோலில் பூசிய மருந்து வெண்படலத்தைச் சேருவதையும் சொட்டு மருந்தோடு ஒப்பிட்டு அளந்தனர். இமைத்தோலைக் கண்ணுக்கு மருந்து செலுத்தும் இடமாகக் கருதலாம் என்பது அவர்களது முடிவு. தீமையாக அறியப்பட்ட ஓர் உண்மை, இவ்வாறு பயன்படுத்தத்தக்க வழியாக மாறியது.

அவ்வழியில் வந்த முதல் மருந்து எபினாஸ்டின் இமைக் களிம்பு. ஒவ்வாமையால் கண் அரிக்கும்போது நிகழ்வது இது: மகரந்தமோ தூசியோ வெண்படலத்தைத் தொட்டதும், அங்குள்ள மாஸ்ட் செல்கள் எனப்படும் காவல் செல்கள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளை வெளிவிடுகின்றன, அது நரம்பு முனைகளைத் தூண்டி அரிப்பையும், இரத்த நாளங்களை விரித்துச் சிவப்பையும் உண்டாக்குகிறது. எபினாஸ்டின் ஹிஸ்டமின் சென்று பற்றும் இடங்களை அடைத்துவிடுவதோடு, மாஸ்ட் செல்கள் அதை வெளிவிடுவதையும் குறைக்கிறது. ஒசாகாவைத் தலைமையிடமாகக் கொண்ட சான்டென் நிறுவனம் இம்மருந்தை ஜப்பானில் 2013-இல் நாளுக்கு நான்கு முறை விடும் 0.05 விழுக்காட்டுச் சொட்டாகவும், 2019-இல் நாளுக்கு இரண்டு முறை விடும் 0.1 விழுக்காட்டுச் சொட்டாகவும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2024 மார்ச்சில், மேல் இமையிலும் கீழ் இமையிலும் நாளுக்கு ஒரே முறை பூசும் 0.5 விழுக்காட்டுக் களிம்புக்கு அந்நாட்டு அரசு ஒப்புதல் அளித்தது. நான்கு, இரண்டு, ஒன்று என்று இறங்கிவரும் இந்த எண்ணிக்கையில்தான் இமைவழியின் பயன் தெரிகிறது. எபினாஸ்டினின் மூலக்கூறு எடை 249 டால்டன். அது இமைத்தோலில் தேங்கியிருந்து, அங்கிருந்து மெல்ல மெல்ல வெண்படலத்துக்குக் கசிகிறது. கண்ணீரால் கழுவிச் செல்லப்படும் இழப்பு அதற்கு இல்லை. பூசி ஒரு நாள் கழிந்தபின் ஒவ்வாமைப் பொருளைக் கண்ணில் இட்டு, அரிப்பு எவ்வளவு அடங்கியிருக்கிறது என்று சோதித்தே அதன் பலன் உறுதிசெய்யப்பட்டது.

வேறு முயற்சிகளும் உள. இமை மயிர் அடர்ந்து வளர்வதற்காக மேல் இமை விளிம்பின் தோலில் தடவும் பிமட்டோபுரோஸ்ட் என்ற மருந்துக்கு 2008-இல் அமெரிக்கா ஒப்புதல் தந்தது. அதை இட்டவர்களில் சிலருக்கு இமைத்தோல் கருத்தது; இவ்வகை மருந்துகளை நெடுங்காலம் பயன்படுத்தியவர்களிடம் விழிக்குழியின் கொழுப்புச் சுருங்கி, இமை உள்வாங்கியதும் காணப்பட்டது. அழகுக்காக விளிம்பில் தடவியது ஆழத்தில் விளைவைக் காட்டியது என்பதால் இங்கு அதைக் குறிப்பிட வேண்டியிருக்கிறது. வெள்ளெழுத்துக்கும் கண் வறட்சிக்கும் இமையில் பூசும் களிம்புகளை உருவாக்க அமெரிக்க நிறுவனமொன்று 2019-இல் உரிமம் பெற்று ஆய்வு செய்தது. அவை சோதனைக் கட்டத்தைச் சேர்ந்தவை.

இதுவரை கூறியதிலிருந்து ஓர் எல்லை தெரிகிறது. இமைவழி மருந்து எட்டக்கூடிய இலக்குகள் இமையும், இமைச் சுரப்பிகளும், வெண்படலமுமே. கருவிழியின் ஆழமும், விழிக்குள் உள்ள லென்சும், பின்புற விழித்திரையும் அதன் இலக்குகளல்ல. ஸ்டீராய்டு கிளாக்கோமா இதற்கு முரண்போலத் தோன்றலாம். ஆனால் அங்கே மிகச் சிறிய அளவு மருந்து மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் சேர்ந்ததால் தீமை விளைந்தது. தீமை செய்ய ஒரு துளி போதும். நோயைத் தீர்க்கத் திசுவில் குறிப்பிட்ட செறிவு வேண்டும், அதுவும் விரைவாக வேண்டும். இந்த வேறுபாட்டை மறந்தால், இமைக் களிம்பின் மேல் தகாத நம்பிக்கை பிறந்துவிடும்.

அந்த நம்பிக்கை எங்கே மீளமுடியாத தவறாக முடியும் என்பதற்குத் திருச்சி மாவட்டத்திலேயே தெளிவான எடுத்துக்காட்டு இருக்கிறது. 1934-இல் தொடங்கப்பட்ட ஜோசப் கண் மருத்துவமனை இந்நகரில் நீண்ட காலமாகக் கருவிழிப் புண்ணைப் பற்றி, குறிப்பாகப் பூஞ்சையால் வரும் புண்ணைப் பற்றி, உலகம் மேற்கோள் காட்டும் ஆய்வுகளைச் செய்துவந்திருக்கிறது. அங்குப் பணியாற்றிய பிலிப் தாமஸ் இத்துறையில் அறியப்பட்ட பெயர். 1999 ஜூன் முதல் 2001 மே வரை திருச்சியிலும் ஆப்பிரிக்காவின் கானாவிலும் ஒரே முறையில் நடத்தப்பட்ட ஆய்வில் 1,090 நோயாளிகளின் கருவிழிப் புண்கள் ஆராயப்பட்டன. 42 விழுக்காட்டினருக்குக் காரணம் இழைப்பூஞ்சைகள், அவற்றுள் முதன்மையானவை ஃபியூசேரியமும் ஆஸ்பர்ஜில்லசும். மண்ணிலும் அழுகும் தாவரங்களிலும் வாழும் இப்பூஞ்சைகள், நெற்தாளின் ஓரமோ கரும்புத் தோகையோ கருவிழியைக் கீறும்போது உள்ளே நுழைகின்றன. லால்குடி, முசிறி, குளித்தலைப் பக்கங்களில் அறுவடைக் காலத்தில் வயலில் நிற்பவர்களுக்கு இது தொழிலோடு வரும் ஆபத்து.

பூஞ்சைப் புண்ணுக்கு முதல் மருந்து நேட்டமைசின் 5 விழுக்காட்டுச் சொட்டு. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக் குழுமத்தில் 323 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2013-இல் வெளியான ஆய்வு, புதிய மருந்தான வோரிகோனசோல் சொட்டைவிட நேட்டமைசினே மேலானது என்று காட்டியது. 2017-இல் உலகச் சுகாதார நிறுவனம் அதை இன்றியமையாத மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. அதன் மூலக்கூறு எடை 666 டால்டன். மற்றொரு பூஞ்சைக்கொல்லியான ஆம்ஃபோடெரிசின் பி 924. கருவிழியின் மேலேயே நேரடியாக, முதல் நாள்களில் மணிக்கொருமுறை விட்டும் போராடி உள்ளே செல்லும் மருந்து நேட்டமைசின். இமைத்தோலின் வழியாக அது சென்று சேரும் என எதிர்பார்க்க இடமேயில்லை. கண்ணில் தாள் குத்திய ஒருவர் இமைமேல் ஏதோ ஒரு களிம்பைத் தடவிக்கொண்டு ஒரு வாரத்தைக் கழிப்பது, பூஞ்சைக்குக் கருவிழியைக் குடைய ஒரு வாரம் தருவதாகும். அந்தக் களிம்பு ஸ்டீராய்டு கலந்ததாக இருந்துவிட்டால் நிலை இன்னும் மோசம். அழற்சி அடங்கிச் சிவப்புக் குறைந்ததுபோல் தோன்றும்போதே, உடலின் எதிர்ப்புத் தளர்ந்து, பூஞ்சை தடையின்றிப் பரவும். விளக்கெண்ணெயும் தாய்ப்பாலும் கண்ணில் விடும் பழக்கத்தைப் பற்றிக் கண் மருத்துவர்கள் நெடுநாளாக எச்சரித்துவருகிறார்கள். தோல் களிம்பையும் அந்த எச்சரிக்கையோடு சேர்க்க வேண்டும்.

இமைவழி மருந்தால் மெய்யாகவே பயன்பெறக் கூடியவர்கள் வேறொரு கூட்டத்தினர். வெப்பமும் வறட்சியும் மிகுந்த நிலங்களில், ஐந்து வயதிலிருந்து பதின்பருவம் வரையுள்ள பிள்ளைகளை, அவர்களிலும் ஆண்பிள்ளைகளை மிகுதியாகப் பற்றும் கடுமையான ஒவ்வாமைக் கண்ணோய் ஒன்று உண்டு; வெர்னல் என்று மருத்துவர்கள் அதைச் சுருக்கிச் சொல்வார்கள். மேல் இமையின் உட்புறத்தில் பருக்கைக் கற்களைப் பரப்பியதுபோல் புடைப்புகள் தோன்றும். நூல்போன்ற பீளை வரும். பிள்ளை கண்ணைக் கசக்கிக்கொண்டே இருக்கும். கசக்கக் கசக்கக் கருவிழி கூம்பிப்போவதும், புடைப்புகள் உரசிக் கருவிழியில் புண்ணாவதும் உண்டு. தென்னூர், தில்லைநகர், புத்தூர்ப் பகுதிகளின் மருத்துவமனைகளுக்குக் கோடையில் இவ்வாறு கசக்கிய கண்ணோடு அழைத்துவரப்படும் பிள்ளைகளின் பெற்றோர்க்கு, நாளுக்கு நான்கு முறை சொட்டு விடுவது எத்தகைய பாடு என்பது தெரியும். பள்ளியில் இருக்கும் நேரத்துச் சொட்டு தவறிப்போகிறது. உடனே நிவாரணம் தரும் ஸ்டீராய்டுச் சொட்டைப் பெற்றோரே மறுபடி மறுபடி வாங்கி விடுவதும், அதனால் பத்து வயதிலேயே கண் அழுத்தம் உயர்வதும் இந்நோயின் மிகத் துயரமான பின்விளைவு. காலையில் ஒரு முறை இமையில் பூசி அனுப்பிவிடலாம் என்பது அவ்வீடுகளுக்கு எவ்வளவு பெரிய ஆறுதலாக இருக்கும்!

ஆனால் ஜப்பானில் மகரந்தத்துக்கு எதிராகச் சோதிக்கப்பட்ட ஒன்று, நாற்பது பாகை வெயிலில் வியர்க்கும் நெற்றியின் கீழே அதே போல் நிற்குமா என்பதை இங்கேயே சோதிக்க வேண்டும். வியர்வை களிம்பைக் கழுவும். கசக்கும் கை அதைக் கண்ணுக்குள் தள்ளும். ஒவ்வாமையால் ஏற்கெனவே தடித்து வெடித்த இமைத்தோல் நலமான தோலைவிட மிகுதியாக மருந்தை உள்ளே விடும். மேலும் வெர்னலில் ஹிஸ்டமினோடு வேறு பல அழற்சிப் பொருள்களும் வினைபுரிவதால், எபினாஸ்டின் மட்டும் கடுமையான நிலைகளுக்குப் போதாமல் போகலாம். அத்தகைய நிலைகளில் ஸ்டீராய்டுக்கு மாற்றாக டாக்ரோலிமஸ் களிம்பை இந்தியக் கண் மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். ஜப்பானின் சுகுபா பகுதி மண்ணில் 1984-இல் கண்டறியப்பட்ட நுண்ணுயிரிலிருந்து வந்த அம்மருந்தின் எடை 804 டால்டன். அது 500 என்ற எல்லையைத் தாண்டியதாயினும் அழற்சியுற்ற தோலில் உள்ளே செல்கிறது; தோல் தேறத் தேற உள்ளே செல்லும் அளவும் குறைகிறது. விதிக்குப் புறம்பான இந்த நடத்தையே அதை இமை நோய்களுக்கு ஏற்ற மருந்தாக்குகிறது. இங்கு நடத்தப்படும் எந்தச் சோதனையும் அரிப்பை மட்டும் அளந்து முடித்துவிடாமல், கண் அழுத்தத்தையும், இமைத்தோலின் நிலையையும், கசக்கும் பழக்கம் குறைந்ததா என்பதையும் ஒரு கோடை முழுவதுமேனும் பின்தொடர வேண்டும்.

மருந்துச் சீட்டு எழுதும் முறையிலும் ஒரு மாற்றம் உடனடியாகத் தேவைப்படுகிறது. கண்ணுக்கான களிம்பு நுண்ணுயிர் நீக்கித் தயாரிக்கப்பட வேண்டும் என்பது மருந்துத் தர விதி. தோலுக்கான களிம்புக்கு அக்கட்டாயம் இல்லை, அதில் சேரும் கரைப்பான்களும் பதனப்பொருள்களும் கண்ணை உறுத்தக்கூடியவை. இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு சிறு குழாயில் வருகின்றன. வீட்டில் ஒரே பெட்டியில் கிடக்கின்றன. இமை விளிம்பு அழற்சிக்குச் சுத்தமான விரலால் விளிம்பில் தேய்க்கச் சொன்ன களிம்பு ஒன்று, கண்ணுக்குள் இடச் சொன்னது ஒன்று, கன்னத்தின் தேமலுக்கு வாங்கியது ஒன்று என மூன்றும் கலந்துவிடும்போது, வீட்டின் மூத்தவர்கள் எதை எடுப்பார்கள் என்று சொல்ல முடியாது. ஆகவே சீட்டிலும், மருந்துக் கடையில் ஒட்டும் தாளிலும், ‘கீழ் இமைக்குள்’, ‘இமை விளிம்பில்’, ‘மூடிய இமையின் மேல்’, ‘கண்ணருகே கூடாது’ என்ற நான்கில் ஒன்று தமிழில் எழுதப்பட வேண்டும். கண் அழுத்தம் பார்க்கும் அறையில், சொட்டு மருந்தின் பெயரைக் கேட்கும் செவிலியர் முகத்துக்கு என்ன பூசுகிறீர்கள் என்றும் சேர்த்துக் கேட்டு, அக்குழாயை அடுத்த முறை எடுத்துவரச் சொல்ல வேண்டும்.